வர்ற வேனுக்கும் போற வேனுக்கும் ஒரே சூத்திரம்

பயிற்சி வகுப்பு நடத்தும் தொழிலில் ஒரு பெரிய வசதி உண்டு. நாம் தப்பாகவே சொல்லிக்கொடுத்திருந்தாலும், தேர்வில் தோற்றவர்தான் நம்மிடம் வந்து மன்னிப்புக் கேட்பார். நாமும் பெரிய மனது பண்ணி, "பரவாயில்லை, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்" என்று தட்டிக்கொடுத்து அனுப்புவோம். உங்களில் யாராவது கையில் சாக்பீஸ் பிடித்தவராக இருந்தால், நான் சொல்வது புரிந்து இந்நேரம் லேசாக நெளிந்திருப்பீர்கள். நெளியுங்கள், நானும் நெளிந்தவன்தான்.

சிவகாசியில் பதினொரு வருடமாக இந்தத் தொழில். அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஞாயிறுதோறும் இயற்பியல் நடத்துகிறேன். இடம், ஒரு டைரி பைண்டிங் பட்டறையின் மாடி. கீழேயிருந்து பசை வாடை வரும், மேலே நான் இருப்பேன். என் மாணவர்கள் யாரும் சின்னப் பிள்ளைகள் இல்லை. ஏதாவது தனியார் பள்ளியிலோ ஆபீஸிலோ வாரம் ஆறு நாள் வேலை பார்த்துவிட்டு, ஏழாவது நாள் தூக்கத்தை விட்டுவிட்டு வருகிறவர்கள். சிலர் என்னைவிட மூத்தவர்கள். நானும் அந்தத் தேர்வை நாலு தடவை எழுதியவன். தேறியிருந்தால் எங்காவது ஹாஜர் எடுத்துக்கொண்டிருப்பேன். தேறாததால், தேறுவது எப்படி என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

பாடத்திட்டத்தில் எல்லோரும் பயப்படுவது சிறப்புச் சார்பியலுக்கு. வேகமாக ஓடினால் நீளம் சுருங்கும், நேரம் நீளும் என்ற சமாச்சாரம். அதை உள்ளூர் உதாரணம் போட்டு ஊட்டிவிடுவேன் என்று எனக்கு வட்டாரத்தில் கொஞ்சம் பெயர் இருந்தது. அந்தப் பெயருக்கு ஆபத்து வந்தது பாண்டீஸ்வரி சேர்ந்த வருடம்தான். பக்கத்து ஊரான விஸ்வநத்தத்துக்காரர். வீட்டில் எல்லோரும் பட்டாசு கம்பெனி வேலை, இவர் ஒருத்தர் மட்டும் எம்.எஸ்சி., பி.எட். வரை முட்டி மோதி வந்து, ஒரு தனியார் பள்ளியில் வருடக்கணக்காக வேலை பார்க்கிறார். இதுவரை மூன்று முறை எழுதி மூன்று முறையும் ஓரிரு மதிப்பெண்ணில் விட்டவர். அடுத்த அறிவிப்பு வருவதற்குள் வயது வரம்பு தாண்டிவிடும். அதாவது, இதுதான் கடைசி முறை. முதல் நாளே இதை என்னிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

வேன் இளைத்த கதை

சார்பியலை நான் வேனில்தான் தொடங்குவேன். காலையில் எங்கள் ஊர் ரோட்டில் நின்றால் எம். புதுப்பட்டி, விஸ்வநத்தம் என்று கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வரிசையாக வேன்கள் போகும். "இந்த வேன் ஒளியோட வேகத்துக்குக் கிட்டத்தட்டப் போகுதுன்னு வச்சுக்கோங்க. ரோட்டுல நிக்கிற நாம அளந்தா அதோட நீளம் குறைஞ்சிருக்கும்" என்று ஆரம்பித்தேன். பாண்டீஸ்வரி எழுந்துவிட்டார். அவருடைய அக்கா அப்படி ஒரு வேனில் தினமும் வேலைக்குப் போகிறவர். "இப்பவே எங்க அக்கா ஒத்தக் கால்ல நின்னுதான் போறாக சார். இன்னும் சுருங்குனா அவுக எங்க நிப்பாக?" என்றார்.

அக்காவும் சேர்ந்து சுருங்குவார் என்று விளக்கினேன். அதுவும் வேன் ஓடுகிற திசையில் மட்டும்தான். உயரம் குறையாது, முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள பருமன் குறையும். உள்ளே இருக்கும் அக்காவுக்கோ எதுவும் மாறியிருக்காது. அவர் கணக்குப்படி ரோடுதான் சுருங்கியிருக்கும். இதைக் கேட்டதும் முதல் வரிசை ஜெயந்தி பேனாவைக் கீழே வைத்தார். கொஞ்சம் பூசின உடம்பு. டாக்டர் சொல்லி, இரண்டு வருடமாக விடியற்காலையில் நடந்துகொண்டிருக்கிறார், எடை மட்டும் அசையவில்லை. அவர் சொன்னார்:

"ரோட்டுல நிக்கிறவுக அளந்தா இளைச்சிருப்போம்னா அது போதும் சார். நமக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

வெளிச்சம் முந்தி, சத்தம் பிந்தி

அடுத்து நேரம் நீள்வது. இதற்குத்தான் என் புகழ்பெற்ற உதாரணம். சாயங்கால வேளையில் கம்பெனிகளில் புது வெடிகளைப் போட்டுப் பார்ப்பார்கள். மொட்டை மாடியில் நின்றால் முதலில் வெளிச்சம் தெரியும், கொஞ்சம் கழித்துத்தான் சத்தம் வரும். எங்கள் ஊரில் விவரமான ஆட்கள் அந்த இடைவெளியை வைத்தே எவ்வளவு தூரத்தில் எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடுவார்கள். "ஓடுற கடிகாரமும் அப்படித்தான். அது டிக்குன்னு அடிச்ச செய்தி நமக்கு வந்து சேரத் தாமதம் ஆகுது. அதனால மெதுவா ஓடுறதாத் தெரியுது" என்று முடித்தேன்.

வகுப்பு மொத்தமும் தலையாட்டியது. பதினொரு வருடமும் அந்த இடத்தில் எல்லாத் தலையும் ஒன்றாக ஆடியிருக்கிறது. சார்பியல் பாடத்தில் ஒரு வகுப்பே சேர்ந்து தலையாட்டினால் வாத்தியாருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்குப் பெருமைதான் வந்தது. லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற தங்கராசு, நோட்டை மூடிவிட்டு நிம்மதியாகச் சொன்னார்:

"இம்புட்டுத்தானா சார்? இதுக்கா எல்லாரும் அம்புட்டுப் பயமுறுத்துனாக?"

ரெண்டு ஷட்டர், ஒரு வாட்ச்மேன்

சார்பியலில் புகழ்பெற்ற புதிர் ஒன்று இருக்கிறது. புத்தகத்தில் நீளமான கம்பு, களஞ்சியம் என்று இருக்கும். நான் லாரி, ஷெட் என்று மாற்றிவிட்டேன். முப்பது அடி லாரி, இருபது அடி ஷெட், முன்னும் பின்னும் ஷட்டர். லாரி பயங்கர வேகத்தில் வந்தால் சுருங்கி ஷெட்டுக்குள் அடங்கிவிடும். அந்த ஒரு நொடியில் இரண்டு ஷட்டரையும் ஒரே நேரத்தில் இறக்கி ஏற்றிவிடலாம். ஆனால் டிரைவர் கணக்கில் லாரி முப்பது அடியேதான், ஷெட்தான் சுருங்கியிருக்கிறது. அவருக்கு லாரி அடங்காது. யார் சொல்வது சரி?

தங்கராசுவுக்குத் தொழில் கௌரவம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. லோடு ஏற்றுகிற ஷெட்டைப் பற்றி அவரிடமே கேள்வியா? லாரி சுருங்கும் என்பதை அவர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். அவருக்கு இடித்தது வேறு இடம். குறுக்கே பேசாமல் உட்காரும்படி சொன்னேன். உட்கார்ந்துகொண்டே சொன்னார்:

"ரெண்டு ஷட்டரையும் ஒரே நேரத்துல எப்படி சார் இறக்குவாக? எங்க ஷெட்டுல வாட்ச்மேன் ஒருத்தருதான். முன்னாடி இருக்கிறத இறக்கி ஏத்திட்டுத்தான் பின்னாடி ஓடுவாரு."

ராக்கெட்டில் போனவன் வயசு

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம். சிவகாசியில் ஆடி மாதமே அடுத்த வருடக் காலண்டரின் மாதிரிகள் வந்துவிடும். கீழ்ப் பட்டறைக்காரர் எங்கள் மாடிச் சுவரிலும் ஒன்றை மாட்டிவிட்டுப் போவார். அன்றைக்கு நான் நடத்தியது இரட்டைப் பிள்ளைகள் கதை. அண்ணன் ராக்கெட்டில் ஏறி ஒளிக்குப் பக்கத்து வேகத்தில் சுற்றிவிட்டு வருகிறான். தம்பி ஊரிலேயே இருக்கிறான். திரும்பி வந்து பார்த்தால் தம்பிக்குத் தலை நரைத்திருக்கிறது, அண்ணன் அப்படியே இருக்கிறான். பாண்டீஸ்வரி என்னைப் பார்க்காமல், எழுந்துபோய் அடுத்த வருடக் காலண்டரின் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு தேதியில் விரலை வைத்து நிறுத்தினார். என்ன தேதி என்று நான் கேட்கவில்லை. அவர் வயது வரம்பைத் தாண்டுகிற தேதி என்று எல்லோருக்கும் தெரியும்.

திரும்பி வந்து உட்கார்ந்து, பாடத்தில் சந்தேகம் கேட்கிற அதே குரலில் கேட்டார். வகுப்பு சிரித்தது. கடைசியாக அவரும் சிரித்தார்.

"ராக்கெட்டுல போயிட்டு வந்தவனுக்கு வயசு ஏறலைன்னு சொன்னீகள்ல சார், அவனை இந்தத் தேர்வு எழுத விடுவாகளா? இவுக பொறந்த தேதி சர்டிபிகேட்டத்தான பாப்பாக?"

வர்ற வேன்

மறு ஞாயிறு பாண்டீஸ்வரி நேராகக் கரும்பலகைக்கு வந்து சாக்பீஸை எடுத்துக்கொண்டார். ஒரு ஆள் வரைந்தார். அவரை விட்டு விலகிப் போகிற ஒரு வேன், அவரை நோக்கி வருகிற ஒரு வேன். "செய்தி லேட்டா வர்றதாலதான் கடிகாரம் மெதுவா ஓடுற மாதிரி தெரியுதுன்னு சொன்னீக. போற வேனுக்கு அது சரி சார். ஒவ்வொரு டிக்குக்கும் அது இன்னும் தள்ளிப் போயிருக்கும், செய்தி இன்னும் லேட்டாகும். ஆனா வர்ற வேன் ஒவ்வொரு டிக்குக்கும் கிட்டல்ல வருது? செய்தி சீக்கிரம் சீக்கிரமால்ல வரணும்? அப்ப அந்தக் கடிகாரம் வேகமாத்தான தெரியணும்?" என்றார். அதோடு விட்டிருந்தாலும் சமாளித்திருப்பேன். சூத்திரத்தையும் எழுதி, அதில் வேகத்தின் மேலே இருக்கிற வர்க்கத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "வேகத்தை வர்க்கம் பண்ணிட்டா வர்றதும் போறதும் ஒண்ணாயிருதே சார். வர்ற வேனுக்கும் போற வேனுக்கும் ஒரே சூத்திரத்தத்தான குடுத்திருக்கீக?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாத வாத்தியாருக்கு என்ன வரும்? கோபம் வரும். "தேர்வுல இதெல்லாம் கேக்க மாட்டான். இருக்கிற சூத்திரத்தைப் போட்டு விடையை டிக் பண்ணுங்க. ஆராய்ச்சியெல்லாம் வேலை கிடைச்ச பெறகு வச்சுக்கலாம்" என்று கத்தினேன். பாண்டீஸ்வரி தான் வரைந்ததை எல்லாம் தானே அழித்தார். சாக்பீஸை இருந்த இடத்தில் வைத்தார். இடத்துக்குப் போகும்போது சொன்னது, சாப்பாட்டு நேரம் வரை என் காதில் இருந்தது:

"எனக்கு இன்னொரு தடவை இல்ல சார். அதான் கேட்டேன்."

முக்கோணத்தில் செய்தி

மத்தியானத்துக்கு மேல் அதே மாடியில் கணக்கு நடத்துகிற மாரியப்பன் என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். எனக்கு வேட்டி கட்டத் தெரியாத காலத்திலிருந்து என்னைத் தெரிந்தவனிடம் எனக்கென்ன வெட்கம் என்று, டிபன் பாக்ஸைத் திறக்கிற நேரம் பார்த்துக் கேட்டேன். அவன் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே, அச்சு பிசகிய காலண்டர் தாள் ஒன்றின் முதுகில் படம் போட்டான். வேனின் தரையிலிருந்து கூரைக்கு நேராக ஒரு ஒளிக்கீற்று. வேனுக்குள் இருப்பவருக்கு அது நெட்டுக்குத்தாக மேலே போகிறது. அதற்குள் வேன் நகர்ந்துவிடுவதால், ரோட்டில் நிற்பவருக்கு அது சாய்ந்து போகிறது. சாய்ந்த கோடு நீளம் அதிகம். ஒளியின் வேகமோ இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அப்படியானால் அதே பயணத்துக்கு ரோட்டில் நிற்பவர் கணக்கில் கூடுதல் நேரம் ஆகியே தீர வேண்டும். அவ்வளவுதான். வேன் வந்தாலும் போனாலும் கோடு ஒரே அளவு சாயும்.

"அப்போ தாமதமா வர்ற செய்தி?" என்றேன். "அது வேற கணக்கு. கண்ணால பாக்குறதுல அதுவும் சேரும். வர்ற வேனோட கடிகாரம் கண்ணுக்கு வேகமாத்தான் தெரியும். அந்தப் பிள்ள சொன்னது சரிதான். ஆனா ரோடு நெடுக ஆளுக்கொரு கடிகாரம் குடுத்து நிப்பாட்டு. அவனவன் மூக்குக்கு நேரா வேன் வரும்போது அவனவன் எழுதி வைக்கட்டும். அங்கன தாமதமே கிடையாது. அப்பயும் வேன் கடிகாரம் மெதுவாத்தான் ஓடியிருக்கும்" என்றான். நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாரியப்பன் கை கழுவப் போகிற வழியில் நின்று சொன்னான்:

"ஏலே, இந்த முக்கோணத்துல செய்தி எங்கடா இருக்கு? பதினோரு வருசமா வகுப்பெடுக்கன்னு போயி செய்தி வாசிச்சிருக்கியே."

திருத்தம்

அந்த வாரம் முழுக்க எனக்குள் ஒரு வழக்கு நடந்தது. தேர்வுக்கு மூன்றே வாரம். இப்போது போய்க் குழப்பினால் இருப்பதும் போய்விடும் என்று ஒரு பக்கம். குழப்பம் அவர்களுக்கா, மரியாதை போவது உனக்கா என்று இன்னொரு பக்கம். பாண்டீஸ்வரி தன் புத்தியை நம்பாமல் என் பேச்சை நம்பி ஒரு கேள்வியை விட்டால், அந்த ஒரு மதிப்பெண் அவருடைய மிச்ச வாழ்க்கை. ஞாயிற்றுக்கிழமை சாக்பீஸை எடுத்துக்கொண்டு, வகுப்பைப் பார்க்கத் தைரியமில்லாமல் கரும்பலகையைப் பார்த்துச் சொன்னேன். "நேரம் நீள்றதுக்கு நான் சொன்ன வெடி உதாரணம் தப்பு. பாண்டீஸ்வரி கேட்டதுதான் சரி. எனக்கு அன்னிக்கு பதில் தெரியாமத்தான் கத்தினேன்." அப்படியே முக்கோணத்தை வரைய ஆரம்பித்துவிட்டேன்.

வரைந்து முடித்துத் திரும்பினேன். பாண்டீஸ்வரி முகத்தில் ஜெயித்த களை எதுவும் இல்லை, படத்தை எழுதிக்கொண்டிருந்தார். பிறகு, "எங்க அக்காட்ட சொன்னேன் சார், அவுக கம்பெனில திரி வெட்டுறவுக. வேன் ஓடுனாலும் நின்னாலும் திரி அதுபாட்டுக்குத்தான எரியும், வெளிய நின்னு கணக்குப் பாக்குறவுகதான வேற நேரம் சொல்லுதாகன்னு கேட்டாக. சரிதான சார்?" என்றார். வேனுக்குள்ளே திரியோடு சேர்ந்து எல்லாமே ஒரே தாளத்தில் நடக்கும் என்பதை இதைவிட நான் எப்படிச் சொல்வது?

தங்கராசுவிடமும் ஒரு பாக்கி இருந்தது. முந்தின நாள் படித்துப் பார்த்ததில், லாரிப் புதிருக்கு அவர் சொன்னதுதான் விடை. ஷெட்டில் நிற்பவருக்கு இரண்டு ஷட்டரும் ஒரே நேரத்தில் இறங்குகின்றன. டிரைவர் கணக்கில் அவர் வெளியேறுகிற பக்கத்து முன் ஷட்டர் முதலில் இறங்கி ஏறிவிடும், பின் ஷட்டர் பிறகுதான் இறங்கும். அவர்கள் ஷெட் வாட்ச்மேன் செய்வது போலவேதான், என்ன, வாட்ச்மேன் ஒளியைவிட வேகமாக ஓட வேண்டியிருக்கும். ஒரே நேரம் என்பது எல்லோருக்கும் ஒரே நேரம் இல்லை, புதிரே அதில்தான் இருக்கிறது. இதைச் சொல்லி அவரை எல்லோர் முன்னாலும் பாராட்டினேன். அவர் பாராட்டை வாங்கிக்கொள்ளவில்லை. கவலையோடு கேட்டார்:

"போன மாசம் நல்லாப் புரிஞ்சிருந்துச்சு சார். இப்ப புரியல. தேர்வுல எதை எழுதட்டும்?"

என் தவறு பார்க்கும் அரசு வேலை

அன்று சாயங்காலம் திடீரென்று எனக்கு வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. இந்தப் பதினொரு வருடத்தில் என்னிடம் படித்துத் தேறினவர்கள் சிலர் இருக்கிறார்கள். வெவ்வேறு மாவட்டங்களில் நிரந்தர வேலையில் இருக்கிறார்கள். அப்படியானால் என் தவறு எனக்கு முன்னால் அரசு வேலையில் சேர்ந்து, வருடாவருடம் சம்பள உயர்வும் வாங்கிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொருவராகப் போன் போட்டேன். வாத்தியார் தானாகப் போன் செய்தால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைப்பார்கள் போலிருக்கிறது. எல்லோரும் பயந்துகொண்டேதான் எடுத்தார்கள்.

ஒருவர் அந்தப் பாடமே மறந்துபோய்விட்டது என்று என்னைத் தேற்றினார். இன்னொருவர், விஷயத்தைச் சொல்லி முடித்தபிறகும், "சரி சார், வேற ஏதும் விசேசமா?" என்று மூன்று முறை கேட்டார். மூன்றாமவர் இப்போது ஒரு மேல்நிலைப் பள்ளியில் இருக்கிறார். பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்பதால் பாடத்தில் இல்லாவிட்டாலும் சார்பியல் சொல்வாராம், என் வெடி உதாரணத்தோடு. அதை நிறுத்தச் சொன்னதும் வருத்தப்பட்டார்.

"வேற உதாரணம் எதும் வச்சிருக்கீகளா சார்? மதியச் சாப்பாட்டுக்குப் பெறகு அந்த வெடிச் சத்தத்துலதான் பிள்ளைக முழிச்சிருக்குதுக."

பஸ் ஸ்டாண்டிலிருந்து

தேர்வு அன்று நான் வீட்டிலேயே இருந்தேன். விருதுநகரில் எழுதிவிட்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து பாண்டீஸ்வரி போன் செய்தார். பின்னால் மதுரை பஸ்காரர் கூவுகிறது கேட்டது. சார்பியலில் வந்த கேள்வியைச் சொன்னார். ஒரு கடிகாரம் நம்மை நோக்கி வருகிறது, இன்னொன்று அதே வேகத்தில் விலகிப் போகிறது. நேரம் நீளும் அளவில் இரண்டுக்கும் என்ன விகிதம்? நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஒண்ணுக்கு ஒண்ணு சார், யோசிக்கவே இல்ல" என்றார். நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, கையில் கிடைத்த காகிதத்தில் சூத்திரத்தை எழுதிச் சரிபார்த்தேன். சிக்னல் இல்லை என்று நினைத்து அவர் வைத்துவிட்டார்.

முடிவு வந்தது. பட்டியலின் அடிப்பக்கம், விரலால் வரிவரியாகத் தொட்டுக்கொண்டே போனால், பாண்டீஸ்வரி பெயர் இருந்தது. அதற்குக் கீழே இருந்த ஓரிருவருக்கும் அதே மதிப்பெண்தான். ஒரே ஒரு மதிப்பெண் குறைந்திருந்தால் அவரும் பட்டியலில் இருந்திருக்க மாட்டார். நான் அழுதேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஜெயந்திக்கும் தங்கராசுவுக்கும் கிடைக்கவில்லை. தங்கராசு அந்தக் கேள்விக்குப் பழைய வெடி உதாரணத்தை நம்பி எழுதிவிட்டு வந்திருக்கிறார். தப்பு என்னுடையது என்று அவரிடம் சொன்னேன். அவர் பாண்டீஸ்வரி கொண்டுவந்த லட்டில் இரண்டாவதை எடுத்துக்கொண்டு சொன்னார்:

"எனக்கு இன்னும் வயசு இருக்கு சார். அவுக வேலைக்குப் போனாப் போதும், அடுத்து அந்த முக்கோணத்த எனக்கு மட்டும் மொதல்ல இருந்து சொல்லுங்க."

முதல் வாரம்

பாண்டீஸ்வரிக்கு வேலை கிடைத்த ஊர் இங்கிருந்து இரண்டு பஸ் மாற வேண்டிய தூரம். சேர்ந்த முதல் வாரக் கடைசியில் கூப்பிட்டார். ஸ்டாஃப் ரூம் எப்படி, மேஜை எப்படி, வருகைப் பதிவேட்டில் தன் பெயரை யாரோ அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது எப்படி என்று எல்லாம் சொன்னார். பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்டு வேன் கதையைச் சொன்னபோது, ஒரு பிள்ளை எழுந்து, ரோட்டில் நிற்கிறவருக்கும் வேனில் போகிறவருக்கும் மற்ற எல்லா வேகமும் மாறும்போது ஒளியின் வேகம் மட்டும் ஏன் மாறமாட்டேன் என்கிறது என்று கேட்டதாம்.

அந்தக் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. அதுதான் அஸ்திவாரம், சோதனைகள் அப்படித்தான் சொல்கின்றன என்று வேண்டுமானால் சொல்லலாம், ஏன் என்று கேட்டால் நான் எங்கே போவேன்? "என்ன சொன்னீங்க?" என்று பயந்துகொண்டே கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்:

"எனக்குத் தெரியல, படிச்சுட்டு வந்து சொல்லுதேன்னு சொல்லிட்டேன் சார். ஒண்ணும் ஆகல, பிள்ளைக அதுபாட்டுக்கு அடுத்த பாடத்த எடுத்துருச்சுக."

'எனக்குத் தெரியல' என்ற அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு ஒரு வாரம் போதுமாக இருந்திருக்கிறது, எனக்குப் பதினொரு வருடம் பிடித்தது, அதையும் நான் கரும்பலகையிடம்தான் சொன்னேன்.